செவலை வீட்டு விசேஷம்

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி செவலைக்கு மீசையிலும் மிடுக்கிலும் குறைவில்லை. ஒய் குரோமோசோமில்தான் ஒரு துண்டு இல்லை. அதனால் அவனுக்குக் குட்டி பிறக்காது. அடுத்த கூண்டு வெள்ளைச்சிக்கோ விடிந்தால் ஒரே கேள்வி: "என்ன தம்பி, வீட்ல ஏதாவது விசேஷமா?"

செவலை பஞ்சுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

ஒருநாள், எங்கோ ஒரு கறுப்பு எலியின் கருக்களை மினுக்கி என்ற பெண்ணெலியின் வயிற்றில் வளர்க்க வேண்டி வந்தது. அவள் ஓர் ஆணோடு சேர்ந்தால்தான் வயிறு அவற்றை ஏற்கும். ஆனால் சொந்தக் கரு உண்டாகிவிடக் கூடாது.

"இதுக்குச் செவலையை விட்டா வேற மாப்பிள்ளை ஏது?" என்று ஆய்வுக்கூடத்துப் பெண் அவனைத் தூக்கி மினுக்கியின் கூண்டில் விட்டாள்.

கொஞ்ச நாளில் கூண்டு கொள்ளாத குட்டிகள்! முடி முளைத்தபோது அத்தனையும் கரிக்கட்டைக் கறுப்பு. செவலையின் முதுகில் ஏறிச் சறுக்கின. அவன் மீசையைப் பிடித்துத் தொங்கின.

வெள்ளைச்சி கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "அடடா, அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கே!"

செவலை தன் செம்பட்டை மீசையைப் பெருமையோடு முறுக்கிக்கொண்டான்.

"ஆமாக்கா, பாக்குறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."