டிவியில் சொன்ன பொடி

"மூணு வேளை வெந்நீர்ல கலந்து குடிச்சா கொரோனா ஓடிடும்" என்று காலைச் செய்தியில் ஒரு பொடியைக் காட்டிவிட்டார்கள். சுக்கு, மிளகு, இன்னும் ஏதேதோ. எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்டையார்பேட்டையில் ஞானதுரை அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில் கூட்டம் முட்டி மோதியது. கல்லாவில் உட்கார அவருக்கு நேரமில்லை.

எதிரே, மாநகராட்சியின் காய்ச்சல் முகாமில் நர்ஸ் மகிழினி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் அதே தெருவில் லாரி டிரைவர் யேசுதாஸ், காய்ச்சலோடு வீட்டிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தார். மூச்சு முட்டிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படிப் போகணுமோ?

பொறுக்க முடியாமல் கடைக்கே போய்விட்டாள்.

"யேசுதாஸ் சாவுக்கு நீங்களும்தானே அழுதீங்க அண்ணாச்சி? இருந்தும் விக்கிறீங்களே?"

பொட்டலம் மடிக்கிற கை நிற்கவில்லை.

"டிவியில சொல்லிட்டாம்லா தாயி. நான் இல்லைன்னா, அடுத்த கடையில வாங்கத்தான் போறாங்க."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? திரும்பி வந்து, கடையை மூடச் சொல்லிச் சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை.

மறுபடி போடுவதற்குள் மீன்கார பெர்சிஸ் வந்து நின்றாள். டெஸ்ட் என்றதும் நேற்று இருமிக்கொண்டே ஓட்டம் பிடித்தவள். இன்று கையில் பொடிப் பொட்டலம், கூடவே புருஷன், பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் அதே பொட்டலம்.

"எங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்து வுடும்மா."

மகிழினிக்குக் கோபம்கூட மறந்துவிட்டது. பொடிதான் வாங்கியாச்சே, டெஸ்ட் எதற்கு என்று கேட்டாள்.

"அதுக்குப் பத்தியம் கீதே. டிவில சொல்லாம வுட்டுட்டானுங்களாம், அண்ணாச்சிதான் சொன்னாரு. டெஸ்ட் எடுக்காம குடிச்சா மருந்து கேக்காதாம். கொரோனான்னு வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரில போய்ப் படுத்துகினுதான் குடிக்கணுமாம்."