பூவின் முறை

"பூவை வெண்கொக்கு அம்மா எழுதட்டும்," என்றார் உலர்பாறை.

கினுவே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த ஆண்டும் அவருடைய கண் அவளைத் தாண்டித்தான் போயிற்று.

ஜப்பானில், ஒகாகி ஊரில், ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில், மதியத்திலிருந்து தொடர்கவிதைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முதல் கவிதை என்றோ இறந்துபோன ஒரு மகானுடையது. செத்தவர் கவிதை என்பதால் அதில் யாரும் நொட்டை சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் பதில் எழுத, அந்தப் பதிலுக்கு இன்னொருவர் பதில் எழுத, நிலா வந்து, காதல் வந்து போய், கடைசிக்கு முந்தைய கவிதையில் பூ வர வேண்டும்.

பூ என்றால் செர்ரிப் பூ. அந்த இடம் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா.

கினுவேக்கு அது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. பல் டாக்டருக்குக் கிடைத்தது. சலூன்காரருக்குக் கிடைத்தது. நூடுல்ஸ் சாப்பிட வந்து, வழி தவறி மாடிக்கு ஏறிவிட்ட இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குக்கூட ஒரு தடவை கிடைத்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அறைக்குள் வந்துவிட்டால் ஊர், உறவு, பதவி எதுவும் கிடையாது. புனைபெயர் மட்டும்தான். கினுவே அங்கே சாரல். கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கும் தலைவர் உலர்பாறை. பெயர்ப் பொருத்தம் என்றால் அதுதான்.

வெண்கொக்கு, அதாவது பல் டாக்டரம்மா, இரு கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்தார்.

"ஐயையோ, எனக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய இடம்? நம்ம சாரல் எழுதட்டுமே."

இப்போது சாரல், 'நான் எம்மாத்திரம், நீங்களே எழுதுங்க' என்று சொல்ல வேண்டும். அவர் மறுபடியும் மறுக்க வேண்டும். இவள் மறுபடியும் குனிய வேண்டும். கடைசியில் வேறு வழியே இல்லாததுபோல அவர் பெருமூச்சு விட்டு, வீட்டிலேயே யோசித்து வைத்திருந்ததை எழுத வேண்டும். காலம்காலமாக அப்படித்தான் நடக்கிறது.

"சரிங்க, நானே எழுதுறேன்," என்றாள் கினுவே.

ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த சலூன்காரரின் தூரிகை நின்றது. குனிந்த வெண்கொக்கு நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை போலும். உலர்பாறை இருமினார். வார்த்தை கிடைக்காதபோது அவருக்கு வரும் இருமல் அது.

கினுவே ஒரு தாளை இழுத்துக்கொண்டாள். மரியாதை தெரியாதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் எழுதியதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் பூ மறுபடி வெண்கொக்கிடமே போய்விடும். அதன்பிறகு இந்த மாடிப்படி ஏற முகம் இருக்காது.

முந்தைய கவிதை சலூன்காரருடையது.

வாசலில் சாத்திய குடை
காய்ந்தே போயிற்று

கினுவே அதைப் பார்த்தாள். உலர்பாறையைப் பார்த்தாள். எழுதினாள்.

பூப் பார்க்க
நாளை போவோம் என்றவர்
நாளையும் அதையே சொல்வார்

முதலில் சிரித்தது வெண்கொக்குதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சலூன்காரர் ஏட்டைப் பார்த்துச் சிரித்தார். உலர்பாறையைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அவர் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"இதுல பூ எங்கயுமே பூக்கலையே."

"எப்படிங்க பூக்கும்? அந்த மனுஷன் கூட்டிட்டே போகலையே," என்றார் வெண்கொக்கு. இடம் பறிபோன வருத்தம் அவர் குரலில் துளியும் இல்லை.

உலர்பாறை தாளைச் சலூன்காரரிடம் நீட்டினார். அது ஏட்டில் ஏறியது.

கினுவேக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. மடித்திருந்த காலை இன்னும் ஒழுங்காக மடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்தாள்.

மிச்சம் இருந்தது கடைசிக் கவிதை. அது தலைவருடையது. அதில் கனம் கூடாது, தாமதம் கூடவே கூடாது. அதனால் தலைவர்கள் முன்கூட்டியே ஒன்றைத் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். உலர்பாறையும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது வானம்பாடி பற்றியது என்று கினுவேக்குத் தெரியும். இந்தப் பூவோடு அது ஒட்டவே ஒட்டாது என்றும் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. மடித்து உள்ளே வைத்தார்.

தேநீர் ஆறியது. வெண்கொக்கு விட்டத்தைப் பார்த்தார். சலூன்காரர் தூரிகையின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் எழுதினார்.

விடிந்ததும் தென்றல்
சோற்றுருண்டை தயார்

பூப் பார்க்கப் போகிறவர்கள் கட்டி எடுத்துப்போவது சோற்றுருண்டைதான். எல்லோரும் கைதட்டினார்கள். ஏடு மூடப்பட்டது.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் புனைபெயர்கள் கழன்றுவிட்டன. மற்றவர்கள் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பினார்கள். கினுவே கால்வாய்க் கரையோரம் நடந்தாள். பக்கத்தில் உலர்பாறை.

"ஏங்க," என்றாள் அவள். "வழி தவறி வந்தவனுக்கெல்லாம் கொடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் கொடுக்கல?"

"சொந்தப் பொண்டாட்டிக்கே கொடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சரி. சோத்துருண்டை தயார்னு ஏட்டுல ஏத்திட்டீங்க. யாரு உருட்டப்போறது?"

அவர் பாலத்தில் ஏறினார். பாலத்தின் நடுவில் நின்றார்.

"நம்ம வீட்ல அரிசி எங்க இருக்கும்?"