வெறும் ஒத்திகை

"இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாசமாச்சு. இன்னும் ஒரு வேலைகூட இல்லை. ஏன்?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். ஆளைச் சுருட்டிப் போடும் பார்வை. போன மாதமாக இருந்திருந்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்று ஒட்டவில்லை.

"யாரும் குடுக்கலை சார். நீங்க குடுத்துட்டா அந்தக் காரணம் இன்னியோட தீர்ந்துடும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள்.

குடும்ப உதவி மையத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அவளுடையது. வீட்டுக்குள் கணவனையும் இரண்டு பெண்களையும் ஒரே மூச்சில் மேய்க்கிற வாய், நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டதும் பூட்டிக்கொள்ளும். இதுவரை மூன்று இடங்கள். ஓரிடத்தில் பெயர் கேட்டதற்கு வயதைச் சொன்னாள். இன்னோரிடத்தில் வாசல் வரை போய்விட்டு அப்படியே திரும்பி வந்தாள். மூன்றாவது இடத்தைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. கணவன் வைத்த பெயர் 'வாயில்லாப்பூச்சி'.

மையம் கொடுத்த தற்காலிக அறையில் நான்கு பேர். ஒருவர் துணி மாற்ற வேண்டுமானால் மற்ற மூன்று பேரும் வராந்தாவில் நிற்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்காவது நிரந்தர வேலை என்று தாள் காட்டினால் மையமே வாடகை வீடு பிடித்துத் தரும். அதற்குக் கெடு இந்த மாதக் கடைசி. கணவனுக்கோ கூப்பிடும் நாளில் மட்டும்தான் சுமை இறக்குகிற வேலை.

அதனால்தான் மையத்தில் பயிற்சி வகுப்பு நடத்தும் அக்கா இந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

"ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல ஆள் எடுக்கிறாங்க. அடுத்த வாரம் நேர்காணல். அதுக்கு முன்னாடி நம்ம மாடி அறையில ஒரு ஒத்திகை வச்சுக்கலாம். எங்க நாடகக் குழுவுல ஒருத்தர் இருக்கார், மேலாளர் வேஷம்னா அசத்திடுவார். வேணும்னே முறைப்பார், குறுக்குக் கேள்வி போடுவார். நீ மனசுல பட்டதைப் பேசு. தப்பாப் போனா என்ன குடி முழுகிடப் போகுது, வெறும் ஒத்திகைதானே."

வேஷம் கச்சிதமாகத்தான் இருந்தது. டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வலது புருவத்தில் தூக்கலாக ஒரு சலிப்பு.

"இங்கத்த பாஷை உங்களுக்குச் சரியா வராதுன்னு எழுதியிருக்கே?"

"அப்போ இவ்வளவு நேரமா நாம எந்தப் பாஷையில பேசிட்டிருக்கோம் சார்?"

புருவம் இறங்கியது.

"ரத்தக் கறை பட்ட விரிப்பு நாப்பது வந்து இறங்குது. என்ன செய்வீங்க?"

இதற்கு ஒத்திகையே தேவையில்லை. பழைய ஊரில் ஒரு பெரிய விடுதியின் துணிமணியெல்லாம் பதினோரு வருஷம் அவள் கையால் வெளுத்தவைதான்.

"முதல்ல பச்சைத் தண்ணியில அலசணும். அப்புறம்தான் சோப்பு. அவசரப்பட்டுச் சுடுதண்ணி விட்டா கறை வெந்து அப்படியே பிடிச்சுக்கும். உங்க இடத்துல எடுத்ததுமே சுடுதண்ணிதானே விடுறாங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் சின்னவளுக்குக் காய்ச்சல்னு உங்க ஆஸ்பத்திரியிலதான் ரெண்டு நாள் கிடந்தோம். விரிப்பு பூரா காப்பிக் கலர்ல தேசப்படம் மாதிரி இருந்துச்சு."

அவர் இருமினார். எதையோ எழுதி அடிக்கோடு போட்டார்.

"உட்கார நேரமே இருக்காது. எட்டு மணி நேரமும் நிக்கணும்."

"எட்டு மாசம் உட்கார்ந்து பாத்துட்டேன் சார். அதுதான் கஷ்டம்."

"சரி. நீங்க ஏதாவது கேக்கணுமா?"

நிஜ நேர்காணலாக இருந்தால், ஒன்றுமில்லை சார் என்று எழுந்து ஓடியிருப்பாள். இது இலவசமாகக் கிடைத்த மேலாளர். விடுவானேன்?

"காலையில ஆறுலருந்து ரெண்டு வரைக்கும்தான் வருவேன். மூணு மணிக்குப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வரணும். அந்த நேரம் குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க."

"நிபந்தனையெல்லாம் போடுறீங்க."

"இப்பவே சொல்லிட்டா பின்னால உங்களுக்குத் தலைவலி இல்லை பாருங்க."

அவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். ஒரு தாளை நகர்த்திக் கையெழுத்துக் கேட்டார். உடம்பு அளவைக் கேட்டுக்கொண்டு, காலடியில் இருந்த பெட்டியிலிருந்து உறை பிரிக்காத நீலச் சீருடை இரண்டை எடுத்து வைத்தார். நாடகக்காரர்கள் என்றால் சும்மாவா, சாமான்கூடத் தயாராக வைத்திருக்கிறார்களே என்று வியந்துகொண்டே அவள் வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது மனசு கேட்கவில்லை. பாராட்டினாள்.

"கடைசி வரைக்கும் கொஞ்சம்கூடச் சிரிக்காம சமாளிச்சிட்டீங்க சார்."

"நான் சிரிச்சு வருஷக்கணக்காச்சும்மா," என்றார் அவர்.

வராந்தாவில் அக்கா ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கதவை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு மடக்குகூடக் குடித்திருக்கவில்லை.

"அக்கா, மனுஷன் என்னமா நடிக்கிறார். நானும் விட்டேனா, புட்டுப் புட்டு வச்சுட்டேன். ஆனா அடுத்த வாரம் நிஜ மேலாளர் முன்னாடி இந்த வாய் வருமாங்கிறதுதான் பயமா இருக்கு."

அக்கா தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒரு சீருடையை உறையிலிருந்து உருவி, அவள் தோளோடு வைத்து அளவு பார்த்தாள்.

"அடுத்த வாரம் நீ யார் முன்னாடியும் உட்கார வேண்டாம், திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேலையில போய் நின்னாப் போதும். உள்ள இருக்கிறவர்தான் அந்தச் சலவைக்கூடத்து நிஜ மேலாளர், நடிச்சது நான்தான்."