பெட்டிக்குள் ஒளிந்த கண்ணாடி

மதிவதனியின் கல்யாணப் பெட்டியில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு லென்ஸ் டப்பியும் ஒளிந்து கிடந்தன. பெண்ணுக்குப் பார்வை மட்டு என்று மாப்பிள்ளை வீட்டில் மூச்சுக்கூட விடக்கூடாதென்பது அவள் அம்மாவின் கட்டளை.

"பத்து வருஷம் அவளுக்கு உழைச்சேன். நேத்து வந்த லென்ஸுக்குக் கண்ணுக்குள்ளேயே இடம்!" என்று பொருமியது கண்ணாடி.

"எனக்குப் பயமா இருக்கு," என்றது டப்பி. "தூங்குறதுக்கு முன்னால கழற்றி, கழுவி என்கிட்ட வைக்கணும். யாராவது பார்த்துடுவாங்கன்னு அஞ்சு நாளா போட்டுக்கிட்டே தூங்குறா. கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"கெட்டுப் போகட்டும். அப்பதான் என் அருமை தெரியும்."

கல்யாணமான எட்டாம் நாள் இடது கண் நெருப்பாய்ச் சிவந்தது. கருவிழியில் புண் என்றார் டாக்டர். மதிவதனி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"கண்ணாடிதானேம்மா? எங்க வீட்டுல எல்லாருமே போடுறோமே," என்றாள் மாமியார்.

மாதம் ஒன்று கழித்து, கண் கட்டைப் பிரித்த அன்று, மதிவதனி பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடி பூரித்துப்போய் அவள் மூக்கின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வலது சில்லு வழியாக அவள் வாசலைப் பார்த்தாள். இடது சில்லு வெகுநேரம் காத்திருந்தது. அதன் வழியாக யாரும் பார்க்கவில்லை.