மூன்றாவது கையெழுத்து

"எட்டாம் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகலையா?"

பத்திரிகை ஆசிரியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கொலைக் கைதியின் கருணை மனு நாளைக் காலை முடிவாகப் போகிறது. யாராவது மனசு இளகித் தொலைப்பதற்குள் மாலைப் பதிப்பில் தன் கட்டுரை வந்துவிட வேண்டும். தலைப்பிலேயே போட்டு உடைத்திருந்தார்: 'இவனைத் தூக்கில் போடு!'

"திருத்தம் நிறுத்தி வச்சிருக்கார் சார்" என்றாள் உதவி ஆசிரியை.

திருத்தம் என்பது பட்டப்பெயர். 'நேற்று தவறாக வெளியானதற்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி எழுதி எழுதியே இருபது வருஷம் ஓட்டிய மனிதர். கடைசியாகப் பக்கத்தைப் பார்த்து அனுப்புவதும் அவர்தான்.

பக்கத்தைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார்.

"என்னய்யா, அந்தப் படுபாவி மேல பாசம் பொங்குதோ?"

"அதெல்லாம் இல்லீங்க சார். ஆள் மாறிப்போச்சு, நான் இல்லைன்னு அவன் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கானே..."

"மாட்டினவன் வேற என்ன சொல்லுவான்? மூணு கோர்ட்டு பார்த்தாச்சு. மூணு பேருமா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவாங்க? நம்ம பக்கத்தையே எடுத்துக்கும். மூணு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுறோம். என் கண்ணு பட்ட பக்கத்துல என்னைக்காவது தப்பு வந்திருக்கா?"

திருத்தம் பக்கத்தை மேஜையில் விரித்தார்.

ஆசிரியர் மளமளவென்று படித்தார். கட்டுரை அட்சரம் பிசகாமல் இருந்தது. படிக்கப் படிக்க அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"படத்தைப் பாருங்க சார்."

கட்டுரை முடிவில், எழுதியவர் படம் வரும் இடத்தில், கைதி முறைத்துக்கொண்டிருந்தான். மேலே, 'இவனைத் தூக்கில் போடு!' என்ற தலைப்புக்கு நேர் கீழே, வழுக்கையும் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது ஆசிரியரின் முகம்.

பக்க ஓரத்தில் 'பார்த்தேன், சரி' என்று மூன்று கையெழுத்து. முதலாவது பக்கம் வடிவமைத்தவருடையது. இரண்டாவது உதவி ஆசிரியையுடையது. மூன்றாவது ஆசிரியருடையதேதான்.

உதவி ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"இது வெளியே போயிருந்தாலும் பரவாயில்ல சார்" என்றார் திருத்தம். "நீங்க உயிரோட இருக்கீங்க. நாளைக்கு ரெண்டு வரி போட்டு சரி பண்ணிடுவேன். அவனுக்கு எங்கே சார் போடுறது?"

ஆசிரியருக்கு வெட்கமாக இருந்தது. தன் கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தவர், பேனாவை எடுத்துக் கட்டுரையின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அச்சகத்துல அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க. வேற கட்டுரை தர்றேன். மூணு பேர் பார்த்தும் ஆள் மாறிப்போச்சுன்னு."

"சரி சார். படத்தை மாத்தச் சொல்லிடவா?"

"வேண்டாம். இந்தப் பக்கத்தையே படம் பிடிச்சு கட்டுரைக்கு நடுவுல போடுங்க. என் மூஞ்சி, தலைப்பு, மூணு கையெழுத்து, எல்லாம் தெரியணும்."