அம்மன் கேட்ட மண்

காணி புரோக்கர் வேலைக்கு வந்து ஆறு மாதமாகியும் நிரோஷன் ஒரு பேர்ச் காணிகூட விற்கவில்லை. கேகாலையில் டை வாங்கினான், கறுப்புச் சப்பாத்து வாங்கினான். அந்த அலங்காரத்தோடு கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்கே அவனிடம் காணி வாங்கத் தோன்றவில்லை.

"பேசாம தோட்டத்து ஆபீசுக்கே திரும்பிப் போங்க. மழைக்காலம் தொடங்குற வரைக்கும்தான் பாப்பேன்" என்று மனைவி ஷாமிளா சொல்லிவிட்டாள்.

எப்படிப் போவது? "இனி இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்" என்று பெரிய கிளாக்கரிடம் வீறாப்புப் பேசிவிட்டு வந்தவன் அவன்.

கைவசம் இருந்தது ஒரே ஒரு காணி. எஹெலியகொடையில், ரப்பர் தோட்டத்து எல்லையில், ஓடையோரமாக ஒரு துண்டு. காணிக்குச் சொந்தக்காரர் கொழும்பில். நல்ல காணிதான், கிணறு மட்டும் வறண்டு கிடந்தது. கரவனெல்லையில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்த நிரோஷனுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது சப்பாத்தில் ஒட்டும் என்பதுதான்.

சனிக்கிழமை பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமை அழகம்மாவும் அவள் கணவர் பழனியாண்டியும் காணி பார்க்க வந்தார்கள். மகன் துபாயில் இருக்கிறான், வீடு கட்டச் சொல்கிறான் என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

சின்னக் குறைகளை நாமே சொல்லிவிட்டால் பெரிய குறையை யாரும் தேட மாட்டார்கள். இது நிரோஷனின் தொழில் ரகசியம்.

"அட்டை கடிக்கும்மா. மழை பேஞ்சா ரோட்டுல ஓட்டோ ஏறாது. எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றான். "ஆனா தண்ணிக்குக் கொறையே இல்ல."

பழனியாண்டி கிணற்றை எட்டிப் பார்த்தார். கரையில் கிடந்த மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். "மண்ணு நல்ல மண்ணு" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

"பூக்கட்டிப் பாக்காம நாங்க காணி வாங்க மாட்டோம், தம்பி" என்றாள் அழகம்மா. "அந்தக் காணி மண்ணுலயே மேடை போட்டு, வெளக்கு வச்சு, மாரியம்மன்கிட்ட கேப்போம். வெள்ளப் பூ வந்தா வாங்குவோம். செவப்பு வந்தா விட்டுருவோம்."

"தாராளமா எடுத்துக்கங்கம்மா" என்று நிரோஷன் காலடி மண்ணை அள்ளக் குனிந்தான்.

"மேல்மண்ணு ஆவாது. ஆடு மாடு மிதிச்சது. கிணத்துக்கு அடியில உள்ள மண்ணுதான் சுத்தம். ஒரு கோணி போதும்."

நிரோஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, காசு கொடுத்து ஊற்றிய தண்ணீரை இடுப்பொடிய இறைத்தான். பிறகு உள்ளே இறங்கி, சாம்பல் நிறக் களியும் கூழாங்கல்லுமாக ஒரு கோணி நிரப்பினான். இறைத்த கிணறு ஏன் ஊறவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அவள் கேட்கவேயில்லை. இவ்வளவு வெள்ளந்தியான ஜனங்களை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஷாமிளாவின் முகம் நினைவுக்கு வந்ததும் வெட்கம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள்.

"செவப்பு வந்துருச்சு, தம்பி. இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாம்னு பூசாரி சொல்றாரு. ஆனா வச்ச மண்ணையே திரும்ப வைக்கக் கூடாதாம். இந்தத் தடவ ரெண்டு கோணி இருந்தா நல்லது."

அதற்கடுத்த ஞாயிறும் சிவப்புதான். வாடிக்கையாளரின் நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிரோஷன் வாராவாரம் இறங்கினான். முதலில் டையை விட்டான், பிறகு சப்பாத்தை விட்டான். கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தான். ஓட்டோக்காரன் அவனைக் கிணறு வெட்டுகிறவன் என்றே நினைத்துவிட்டான்.

ஒருநாள் மண்வெட்டி பாறையில் ணங்கென்று மோதியது. "இதுக்கு மேல மண்ணு இல்லம்மா!" என்று கீழேயிருந்து கத்தினான்.

மறுநாளே அழகம்மா டவுனில் அவனுடைய ஆபீசுக்கு வந்தாள்.

"அம்மன் உத்தரவு குடுக்கல, தம்பி. அந்தக் காணி எங்களுக்குக் குடுத்துவைக்கல" என்றவள், மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தாள். "மேடையில இருந்த கல்லு. நீங்களும் பாவம் எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீங்க! பத்திரமா வச்சுக்கங்க."

அவள் போனதும் நிரோஷன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இத்தனை ஞாயிறு உழைத்ததற்கு ஒரு கூழாங்கல்! இனி பெரிய கிளாக்கரின் காலில்தான் விழ வேண்டும். சாமியை நம்புகிறவர்களை நம்பித் தொழில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று நொந்துகொண்டான்.

பக்கத்துக் கடை மாணிக்க வியாபாரி ஸம்சுதீன் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தார். முடிச்சைப் பிரித்தார். கல்லை எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தார். தேத்தண்ணியை மறந்தே போனார்.

"தம்பி, இது நீலம்! பட்டை தீட்டாத கல்லு. களி இன்னம் ஒட்டி ஈக்கிது, பாருங்க. பாறைக்கு மேல படிஞ்ச கூழாங்கல்லு மண்ண அரிச்சாத்தான் இது கெடைக்கும். சும்மா குடுக்கிற கல்லே இப்படின்னா, அவங்க கையில இன்னும் என்னென்ன ஈக்கும்!" என்று பெருமூச்சு விட்டார். "எந்தக் கிறுக்கன் அள்ளிக் குடுத்த மண்ணோ!"

கிறுக்கன் கல்லை வாங்கி மறுபடி மஞ்சள் துணியில் முடிந்தான். கோணிகளைத் தோளில் சுமந்து ஏற்றியதோடு, தன்மேல் நம்பிக்கை வரட்டும் என்று வாராவாரம் ஓட்டோக் கூலியையும் அவனே கொடுத்திருந்தான்.