சரிங்க சிஸ்டர்

பெரிய சிஸ்டர் சிரிஞ்சை நீட்டினார்.

"பாத்துச் சொல்லு. பன்னெண்டு."

இன்சுலின் போடுவதற்கு முன் இன்னொரு நர்ஸ் அளவைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அது வார்டின் விதி. வழக்கம் வேறு. பெரிய சிஸ்டர் நீட்டினால் யாரும் சிரிஞ்சைப் பார்ப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்து "சரிங்க சிஸ்டர்" என்பார்கள். பயம் பாதி, மரியாதை பாதி. அவர் தப்பு செய்து ஒருவரும் கண்டதில்லை. பார்த்தால்தானே காண்பதற்கு.

புதுசு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த நர்ஸ் மட்டும் பார்த்துத் தொலைத்தாள்.

மருந்து பன்னிரண்டாவது கோட்டில் நின்றது. பழைய சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். இன்று காலை ஸ்டோரிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது வேறு சிரிஞ்சு. அதில் ஒரு கோடு இரண்டு யூனிட். பெரிய சிஸ்டர் எண்ணைப் படிக்கவில்லை. கைப்பழக்கத்தில் கோட்டை எண்ணியிருக்கிறார்.

இருபத்து நாலு யூனிட். வெறும் வயிறு. போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வேர்க்கும், நினைவு தப்பும். சிலர் எழுவதே இல்லை.

சொன்னால்?

போன வருஷம் எதிர்த்துப் பேசியவள் இன்னும் கிடங்கில் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறாள். புதுசுக்கு வேலையே இன்னும் நிரந்தரமாகவில்லை.

கட்டிலில் இருந்த அம்மாள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இது இருபத்து நாலு, சிஸ்டர்."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். இந்த முறை வார்டுக்கே கேட்டது.

பெரிய சிஸ்டர் சிரிஞ்சைக் கண்ணருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீ பாக்குறியான்னு பாத்தேன். உனக்குக் கண்ணு இருக்குடி."

பக்கத்துக் கட்டிலருகே நின்ற சீனியர் நர்ஸ் கைதட்டினாள். "புதுசு பாஸாயிடுச்சு! எங்கள இப்படிச் சோதிச்சிருந்தா ஒருத்தியும் தேறியிருக்க மாட்டோம்."

"வேலை வாங்கத் தெரிஞ்சவங்க" என்றார் கட்டிலில் இருந்த அம்மாள்.

புதுசுக்குக் காது சூடானது. சந்தோஷம்தான்.

பெரிய சிஸ்டர் சிரிப்பைக் கலைக்காமல் அவள் பக்கம் குனிந்தார். வந்தது குரல் இல்லை, வெறும் மூச்சு.

"எதிர் வரிசை முழுக்க இதே பெட்டி சிரிஞ்சுலதான் போட்டேன். சுகர் பாக்குற மெஷினையும் குளுக்கோஸையும் எடுத்துக்க. ஓடாத. நடந்து போ."

நடந்தாள்.

எதிர் வரிசையின் முதல் கட்டிலில் பெரியவர் கண்மூடிக் கிடந்தார். தலையணை நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

"எழுப்பாதீங்க சிஸ்டர். அப்பா ராத்திரியெல்லாம் கண்ணே மூடல. இப்பத்தான் அசந்து தூங்குறாரு."